மெய்ம்மறையும் கவச ஊர்தியும்: வேங்கடச் சூழலில் மெய்காப்பு

உடலைக் காக்க அணியும் போர்க்கருவிக்குக் கவசம், மெய்ம்மறை முதலிய சொற்கள் தமிழில் வழங்கியுள்ளன. மெய்ம்மறை என்பது மெய்யை மறைப்பது எனப் பொருள்படும் காரணப்பெயராகும். பதிற்றுப்பத்தில் இச்சொல் சேர வேந்தனுக்கே அடையாக வருகிறது. தன் படைமறவர்க்கு வரும் ஊற்றினைத் தான் தாங்குபவன் என்பதால் வேந்தன் அவர்தம் கவசமாக உருவகிக்கப்பட்டான். தலைவனே காவல் என்னும் இக்கருத்து பின்னர் மாறியவாற்றை, தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடப் பகுதியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) திருமலைக்குப் பன்முறை வந்து வழிபட்டவர். தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவரது படிமம் கோயிலுள் இன்றும் உள்ளது. அதில் போர்க்கோலம் இல்லை. அவர் காலத்தில் தலைநகரைக் கண்ட போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், வலிய தோலை அடுக்கி இரும்புத் தகடு சேர்த்த மேலங்கிகளைப் படையினர் அணிந்திருந்ததைக் குறித்துள்ளார். தாக்கும் விசையைப் பல அடுக்குகளில் பரப்பித் தணிப்பதே அவ்வங்கியின் பயன். 1965இல் கண்டறியப்பட்ட கெவ்லார் இழையால் நெய்யப்படும் குண்டு துளைக்காத அங்கியும் இந்நெறியிலேயே அமைந்ததாகும்.

எனினும் அங்கி உடற்பகுதியை மட்டுமே காக்கும். தலையும் கைகால்களும் வெடிச்சிதறலுக்கு இலக்காகும். எனவே கவசம் உடலிலிருந்து ஊர்திக்குப் பெயர்ந்தது. 2003 அக்டோபர் 1 அன்று, பிரம்மோற்சவத்தில் அரசின் சார்பில் பட்டாடை சமர்ப்பிக்கத் திருமலைக்குச் சென்ற ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் ஊர்தி, அலிபிரி அருகே மக்கள் யுத்தக் குழுவினர் வைத்த கண்ணிவெடிகளுக்கு உள்ளானது. அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்விடம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கவச ஊர்தியில் இருந்தமையால் அவர் காயங்களுடன் உயிர் பிழைத்தார்.

ஊர்திக் கவசத்திற்கும் எல்லை உண்டு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி, ஊர்தியினின்று இறங்கி மக்களிடையே நடந்து வந்தபோதே மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவருடன் பலரும் மாண்டனர். தேர்தல் வழி ஆட்சிபெறும் தலைவர் மக்களை அணுகாதிருத்தல் இயலாது. அணுகும்போது கவசம் பின்தங்கிவிடுகிறது. அலிபிரித் தாக்குதலுக்குப் பின் சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தலைச் சந்தித்த நாயுடு, 2004இல் தோல்வியுற்றார். வறட்சியும் உழவர் துயரும் அதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை.

பழந்தமிழ் வேந்தன் பிறர்க்கு மெய்ம்மறையாதலால் புகழப்பெற்றான். இக்காலத் தலைவரைக் காவலர் பலர் மெய்ம்மறையாய்ச் சூழ்கின்றனர். கருவியின் அமைப்புநெறி பெரிதும் மாறவில்லை. யார் யாரைக் காப்பது என்னும் உறவே தலைகீழாகியுள்ளது என்பது இவற்றால் பெறப்படும்.