ஓர் அறையில் மூவர்

மணப்பாட்டுக்குத் திருப்பயணமாகச் செல்வோர், கடலோரக் குன்றிலுள்ள குகையருகே சற்று நின்று புனித சவேரியாரை நினைந்து செபிப்பது வழக்கம். அலைகள் மோதும் அக்குன்றின்மீது நிற்கையில், 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, சிறுவரைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்த அப்பெருந்தகையின் உருவமே நம் மனக்கண்முன் எழுகின்றது. ஆனால் அவர் இக்கரையில் கால் பதிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பாரிஸ் மாநகரின் மாணவர் விடுதி அறையொன்றில் அவரோடு தங்கியிருந்த இருவரைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஒருவர் லொயோலா இஞ்ஞாசியார். இயேசு சபையை நிறுவியவராக அவரை அறிவோம். மற்றவர் பேதுரு ஃபேபர். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆயினும் நம் பங்குகளில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

இக்கட்டுரை அந்த மூன்றாமவரைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், மனம் நொறுங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு அவர்தம் அறைத்தோழர் எவ்வாறு துணைநின்றார் என்பதைப் பற்றியது.

ஆடு மேய்த்த சிறுவன்

ஃபேபர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சவோய் நாட்டின் மலைச் சிற்றூராகிய வில்லாரெட்டில் பிறந்தார். உழவர் குடும்பம். சிறுவயதில் ஆடு மேய்த்தார். பள்ளிக்கு அனுப்பும்படி அழுது அடம்பிடித்தே கல்வி பெற்றார். பன்னிரண்டு வயதளவில், ஆடு மேய்க்கும் வெளியிலேயே, தம் கற்பை இறைவனுக்கு வாக்களித்தார். 1525ஆம் ஆண்டு தம் பத்தொன்பதாம் வயதில் பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனித பார்பரா கல்லூரிக்கு வந்தார். அங்கே அவருக்கு அறைத்தோழராக வாய்த்தவர்தாம் சவேரியார். இருவரும் ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஆறு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் நவார் நாட்டு உயர்குடி மகன். மற்றவர் மலையிலிருந்து இறங்கி வந்த உழவர் மகன்.

ஃபேபர் படிப்பில் வல்லவர். அரிஸ்டாட்டிலின் நூல்களை மற்றவர்க்கு விளக்குமளவு தேர்ச்சி பெற்றவர். ஆனால் உள்ளே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பாவமல்லாததையும் பாவமென எண்ணி நடுங்கினார். செய்த பாவசங்கீர்த்தனம் செல்லாதோ, எதையேனும் மறந்துவிட்டோமோ என்று அலைக்கழிந்தார். உடலின் இச்சைகள், உணவாசை, வீண்பெருமை ஆகியவை பற்றிய எண்ணங்கள் அவரை வதைத்தன. எதிர்காலத்தைப் பற்றியும் தெளிவில்லை. திருமணமா, மருத்துவமா, சட்டமா, மறைநூல் புலமையா, துறவறமா என மனம் நாளுக்கொரு பக்கம் சாய்ந்தது. பின்னாளில், 1542ஆம் ஆண்டு செருமனியின் ஸ்பேயர் நகரில் அவர் எழுதத் தொடங்கிய நினைவேட்டில் இவற்றையெல்லாம் மறைக்காமல் பதிவுசெய்துள்ளார். இத்துன்பத்தினின்று விடுதலை கிடைக்குமானால், ஏதேனும் பாலைநிலத்திற்குச் சென்று கீரையும் கிழங்கும் தின்றே வாழ்நாளைக் கழிக்கவும் அன்று தாம் ஆயத்தமாயிருந்ததாக அதில் கூறுகின்றார்.

இத்தகைய மனச்சான்றின் நோவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குக் கூரிய சிறு கல் என்பது மூலப்பொருள். செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல் அது ஒவ்வோர் அடியிலும் குத்தும். வெளியே நிற்பவருக்கு அது தெரியாது.

காயம் கண்டவர்

1529ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இஞ்ஞாசியார் அக்கல்லூரியில் சேர்ந்து அந்த அறைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு அளவில் இருக்கும். பம்பலோனாப் போரில் 1521ஆம் ஆண்டு குண்டடிபட்ட கால் இன்னும் நொண்டியது. இளைஞர் நடுவே அமர்ந்து அரிஸ்டாட்டிலைக் கற்கத் திணறிய அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஃபேபரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே அறை, ஒரே உணவு மேசை, ஒரே பணப்பை என்று அவர்கள் வாழ்வு அமைந்தது.

ஆசிரியராயிருந்த இளைஞர், தம் மாணவரிடம் மெல்ல மெல்ல மனம் திறந்தார். கேட்டவரோ அந்நோவை நூலில் படித்து அறிந்தவரல்லர். அதில் வெந்து மீண்டவர். 1522ஆம் ஆண்டு மன்ரேசாவில் இஞ்ஞாசியாரும் இதே வேதனையில் உழன்றார். மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார், அமைதி கிட்டவில்லை. மிகத் தெளிவான பாவமாயிருந்தாலன்றிப் பழையவற்றைச் சொல்ல வேண்டாம் என்று ஆன்மகுரு கட்டளையிட்டார். அதுவும் பயன்படவில்லை, ஏனெனில் அவருக்கு எல்லாமே தெளிவான பாவமாகத் தோன்றின. தொமினிக்கர் மடத்தில் தாம் தங்கியிருந்த அறையிலிருந்த பெரிய திறப்பின் வழியே கீழே குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவரைப் பன்முறை வலிந்து தாக்கியது. இறைவன் அருள் புரியும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். உண்ணும்படி ஆன்மகுரு உறுதியாகப் பணித்தபின்னரே உண்டார். இவற்றையெல்லாம் அவரே தம் இறுதி ஆண்டுகளில், அருள்தந்தை கொன்சால்வெஸ் த காமராவிடம் எடுத்துரைத்தார். தம் தற்கொலை எண்ணத்தைத் திருச்சபையின் மாபெரும் புனிதர் ஒருவர் மறைக்கவில்லை என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

நான்கு ஆண்டுக் காத்திருப்பு

அப்படியானால் இஞ்ஞாசியார் ஃபேபருக்கு என்ன செய்தார்? நாம் எதிர்பார்ப்பது போல் உடனே பெரிய தியானம் ஒன்றில் அவரை அமர்த்தவில்லை. அவர்தம் ஆன்மீகப் பயிற்சிகள் அதற்குள் ஓரளவு உருப்பெற்றிருந்தன. வேறு மாணவர் சிலருக்கு அவற்றை அளித்தும் இருந்தார். ஆனால் ஃபேபருக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவற்றைத் தரவில்லை. புண்பட்ட மனத்தின்மீது பெருஞ்சுமை ஏற்றலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மாறாக, சிறு சிறு படிகளைக் காட்டினார். முதலில், காஸ்த்ரோ என்னும் அறிஞரிடம் சென்று வாழ்நாள் முழுவதற்குமான ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். நண்பரின் பாரம் முழுவதையும் தாமே சுமக்க முனையாமல், தகுதி வாய்ந்த இன்னொருவரிடம் அனுப்பினார் என்பது கவனிக்கத்தக்கது. அதன்பின் வாரந்தோறும் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும். நாள்தோறும் சிறிதுநேர ஆன்மசோதனை. வாரம் ஒருமுறை என்பது ஓர் ஒழுங்கு மட்டுமன்று, ஓர் எல்லையும்கூட. அஞ்சும் மனம் ஒவ்வொரு மணி நேரமும் பாவமன்னிப்புத் தேடி ஓடும்; குறித்த நாள்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டால் அச்சம் தன் பிடியைத் தளர்த்தும்.

1533ஆம் ஆண்டு ஃபேபர் தம் ஊருக்குச் சென்று ஏழு மாதங்கள் தங்கினார். தாயார் இறந்துவிட்டிருந்தார், தந்தை இருந்தார். அவர் திரும்பி வந்த பின்னரே, 1534ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இஞ்ஞாசியார் அவருக்கு ஆன்மீகப் பயிற்சிகளை அளித்தார்.

அது கொடுங்குளிர்காலம். பாரிசின் சேன் ஆறு உறைந்து கிடந்தது. ஃபேபர் தனித்திருந்து, அறையில் தீ மூட்டாமல், ஆறு நாள்கள் உணவின்றி இருந்தார். காணவந்த இஞ்ஞாசியார் அவர் முகத்தைக் கண்டே நிலைமையை உணர்ந்தார். தீ மூட்டும்படியும் உணவு கொள்ளும்படியும் பணித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மன்ரேசாவில் தமக்குச் சொல்லப்பட்ட சொல்லையே அவர் தம் நண்பருக்குச் சொன்னார். உண்பாயாக என்னும் அச்சொல், இரு முறையும் உயிர் காத்த சொல்.

அதே ஆண்டு மே 30ஆம் நாள் ஃபேபர் குருத்துவத் திருநிலை பெற்றார். ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, மோன்மார்த்தர் குன்றுக் கோவிலில் நண்பர் எழுவர் கூடித் தங்கள் வாக்குறுதிகளை அளித்தனர். இயேசு சபையின் வித்து அது. எழுவருள் அன்று குருவாயிருந்தவர் ஒருவரே. திருப்பலி நிறைவேற்றியவரும் அவரே. தம் பாவம் மன்னிக்கப்பட்டதா என்று நடுங்கியவரின் கைகளிலிருந்து இஞ்ஞாசியாரும் சவேரியாரும் நற்கருணை பெற்றனர்.

முழுதும் நீங்காத நோவு

இத்துடன் ஃபேபரின் துயர் தீர்ந்ததென்று சொன்னால் அது உண்மையாகாது. செருமனியிலும் இசுபானியாவிலும் அவர் ஓயாமல் பயணம் செய்த ஆண்டுகளில் எழுதிய நினைவேட்டில், சோர்வும் துயரும் திரும்பத் திரும்ப வந்து செல்வதைக் காண்கின்றோம். ஆனால் அவை அவரை வீழ்த்தவில்லை. அவற்றை இனங்காணவும், அவை கடந்துசெல்லும்வரை காத்திருக்கவும் அவர் கற்றிருந்தார். 1543ஆம் ஆண்டு மைன்ஸ் நகரில் பேதுரு கனிசியு என்னும் இளைஞருக்கு அவர் ஆன்மீகப் பயிற்சிகளை அளித்தார். அவ்விளைஞர் பின்னாளில் திருச்சபையின் மறைவல்லுநராகப் போற்றப்பட்டார். பயிற்சிகளை அளிப்பதில் ஃபேபருக்கே முதலிடம் என்று இஞ்ஞாசியாரே கருதினார். நோவை அறிந்தவருக்கன்றோ நோவுற்றவரின் மொழி புரியும்!

எங்கள் அறை

இவ்வரலாற்றை நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குருமாணவராயிருந்த காலத்தில், எங்கள் வகுப்பில் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் ஆன்மகுருவின் கதவைத் தட்டுவார். திருப்பலிக்கு முன் மீண்டும் தட்டுவார். செபத்தின் ஒரு சொல் பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்குவார். நாங்கள் அவரைக் கேலி செய்தோம். சிலர், இன்னும் உருக்கமாகச் செபியும் என்று அறிவுரை கூறினோம். அவர் உணவுக்கூடத்திற்கு வருவதைக் குறைத்துக்கொண்டபோது, தவம் செய்கிறார் என்று பேசிக்கொண்டோம். ஒருநாள் அவர் கட்டில் வெறுமையாயிருந்தது; வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். எங்களுள் எவரும் கடிதம் எழுதவில்லை. திருச்சபை வரலாற்று வகுப்பில் பாரிஸ் நண்பர்களைப் பற்றி நாங்கள் தேர்வு எழுதியதும் அதே ஆண்டில்தான்.

அண்மையில் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டோம். மருத்துவரிடம் பல ஆண்டுகள் சிகிச்சை பெற்றுத் தேறி, குடும்பத்தோடு வாழ்கிறார். மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். “சாமி, நீங்க யாரும் எனக்கு நல்லது சொல்லியிருக்க வேண்டாம். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.

ஃபேபரின் காலத்தில் இந்நோவை அறிந்த மனநல மருத்துவம் இல்லை. இன்று உண்டு. ஓயாத ஐயமும் அச்சமும் ஒருவரை வதைக்கையில், அது எண்ணச் சுழற்சி நோயாகவும் இருக்கக்கூடும் என்பதையும், சிகிச்சையால் தணியக்கூடியது என்பதையும் இன்று அறிவோம். தகுதி வாய்ந்தவரிடம் நண்பரை அனுப்பிய இஞ்ஞாசியார் இன்றிருந்தால், மருத்துவரிடமும் அனுப்பியிருப்பார் என்று நாம் துணிந்து சொல்லலாம். செபம் மருந்துக்கு மாற்றன்று. மருந்தும் செபத்திற்குப் பகையன்று. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் நடுவண் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கின்றது. கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நம் பெற்றோர் இவ்வெண்ணைக் குறித்துக் கொடுக்கலாம். உயிரை விட்டுவிடுவேன் என்று நண்பர் சொன்னால், எவரிடமும் சொல்லாதே என்று அவர் வாங்கிய வாக்குறுதியை மீறுவது துரோகமன்று. அன்பின் கடமை என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஃபேபர் 1546ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் உரோமையில் தம் நாற்பதாம் வயதில் காலமானார். அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின், மலாக்காவிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த சவேரியார் மூன்று நாள்கள் கடும்புயலில் சிக்கினார். 1548ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அந்த ஆபத்தில் தாம் யார் யாருடைய பரிந்துரையை நாடினார் என்று குறிப்பிடுகின்றார். அவர்களுள் ஒருவர், மறைந்த தம் பழைய அறைத்தோழர் ஃபேபர்.

ஒரு காலத்தில் அதே அறையில் துணைவேண்டித் தவித்த இளைஞரே, பின்னாளில் நடுக்கடலில் சவேரியாருக்குத் துணையானார். மணப்பாட்டுக் குன்றின்மீது அடுத்த முறை நிற்கையில், சவேரியாரோடு அவரையும் நினைவுகூர்வோம். வீடு திரும்பியதும், நெடுநாளாகப் பேசாதிருக்கும் நண்பர் ஒருவரிடம் உண்டீரா, உறங்கினீரா என்று கேட்போம்.