இடக்கையாளனும் றைபிளும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு மனிதனுடைய கையின் வரலாறேயாம். கல்லைக் கூராக்கிய நாள் தொட்டு மனிதன் ஆக்கிய கருவிகள் யாவும் அவன் கைக்கு அடங்கி நடத்தற்பொருட்டே ஆக்கப்பட்டன. ஆயினும், எவனுடைய கைக்கு என்றொரு வினா இங்கே எழுகின்றது. மக்களுள் நூற்றுக்கு ஏறக்குறையப் பத்துப்பேர் இயல்பாகவே இடக்கைப் பழக்கமுடையோர். வில் இவ்விரு சாராரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரு கையாலும் அம்பெய்ய வல்லவனாதலின் அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்னும் பெயர் வாய்த்தது. கைமாறி எய்தபோதும் அவன் காண்டீபத்தை மாற்றவேண்டியிருக்கவில்லை. துவக்கோ அத்தகையதன்று. அதற்கு வலப்பக்கம் என ஒன்றுண்டு. அப்பக்கம் யாருக்காக அமைந்தது என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு.

தூரத்தே நிற்கும் மானையோ மலையாட்டையோ வேட்டையாட விரும்பும் இடக்கையாளன் ஒருவன் பாரங்குறைந்த றைபிள் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் புகுவானாயின், கை, தூரம், பாரம் என்னும் மூன்றனையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டியவனாகின்றான். இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காரணத்தால் வளர்ந்தவை. அவை ஒரே துவக்கில் வந்து கூடுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

வலப்பக்கம் வந்தவாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் ஏந்திய துவக்குகள் சக்கிமுக்கிக் கல்லாற் பற்றவைக்கப்பட்டவை. கல் உருக்குத் தகட்டில் மோத எழும் பொறி, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்திற் பட்டு, ஒரு துளை வழியாக உள்ளே தீயைச் செலுத்தும். இவ்வமைப்பு முழுவதும் குழலின் வலப்பக்கத்திலேயே பொருத்தப்பட்டது. வலத்தோளில் வைத்துச் சுடுபவனுடைய முகம் துவக்கின் இடப்பக்கத்தே இருத்தலின், கிண்ணத்தில் எழுஞ் சுவாலை அவன் முகத்துக்கு அப்பால் எழுந்தது. இடத்தோளில் வைத்துச் சுட்டவனுக்கோ அது கண்ணருகே எழுந்தது. மேலும், தோளோடு தோள் நெருங்கி நின்று ஒரே கட்டளைக்குச் சுடும் அணியில் ஒருவன் மட்டுங் கைமாறிச் சுடுதல் அயலானுக்கும் இடையூறாம். ஆகவே, இடக்கைப் படைஞனும் வலக்கையாளனைப் போலவே சுடப் பயிற்றப்பட்டான். கைக்கேற்ற கருவி என்பது போய்க் கருவிக்கேற்ற கை என்னும் நிலை இவ்வாறு தொடங்கிற்று.

தாழ்ப்பாளும் துவக்கும்

1841ஆம் ஆண்டிற் பிரசிய அரசு, யோகான் நிக்கொலவுஸ் பொன் டிறைசே என்பார் ஆக்கிய ஊசித்துவக்கைத் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. அதுகாறும் படைஞர் குழலின் வாய்வழியே மருந்தையுங் குண்டையும் இட்டுக் கோலாற் குத்தி இறக்கினர். டிறைசேயின் துவக்கிலோ குழலின் பின்புறம் திறந்தது. கதவின் தாழ்ப்பாளைப் போன்ற உருக்குத் தண்டு ஒன்றைக் கைபிடியாற் புரட்டிப் பின்னே இழுத்துத் தோட்டாவை வைத்து, முன்னே தள்ளிப் புரட்டிப் பூட்டினால் துவக்கு ஆயத்தமாகும். ஆங்கிலத்தில் தாழ்ப்பாளுக்கு வழங்கும் போல்ட் என்னுஞ் சொல்லே இத்தண்டுக்கும் பெயராயிற்று. 1866 யூலை 3ஆந் திகதி கேனிக்கிறேற்ஸ் போர்க்களத்தில் ஒஸ்திரியப் படைஞர் நின்றவாறு வாய்வழி மருந்திட்டுக் கொண்டிருக்க, பிரசியப் படைஞர் படுத்தபடியே பலமுறை சுட்டனர். அப்போரின் முடிவுக்கு வேறு காரணங்களும் உளவெனினும், இத்துவக்கின் பெருமை அன்று ஐரோப்பா முழுவதும் பரந்தது.

இம்முறையை நிறைவுறச் செய்தவர் ஜேர்மனியின் ஒபர்ண்டோர்ப் நகரிற் பிறந்த பவுல் மௌசர் ஆவார். 1898இல் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட அவருடைய றைபிளில், போல்ட்டின் முனையில் இரு பூட்டுப் பற்களும், காவலாகப் பின்னே மூன்றாவது பல்லும், தோட்டாவை ஆரம்பத்திலிருந்தே கவ்விச் செல்லும் நீண்ட கொக்கியும் அமைந்தன. இன்றைய வேட்டை றைபிள்களுட் பல இதன் வழித்தோன்றல்களே.

ஆயின், இப்போல்ட்டின் கைபிடி வலப்பக்கத்திலேயே அமைந்தது. வலக்கையாளன் சுட்டபின் இடக்கையால் துவக்கைத் தாங்கியவாறே வலக்கையாற் போல்ட்டை இயக்குவான். துவக்குத் தோளைவிட்டு அகல்வதில்லை. இடக்கையாளனோ விசையை அழுத்திய கையைப் பிடியிலிருந்து எடுத்துத் துவக்கின் மேலாகக் குறுக்கே நீட்டிக் கைபிடியைப் பற்றவேண்டும். அல்லது துவக்கைத் தாங்கும் வலக்கையைப் பின்னே கொணர்ந்து அதனைத் தளரவிட வேண்டும். வெற்றுத் தோட்டாவும் அவன் முகத்தின் பக்கமாகவே தெறிக்கும். காயமுற்ற விலங்கு காட்டுக்குள் மறையுமுன் இரண்டாவது வெடி வைக்க வேண்டிய வேளையில் இத்தாமதம் சிறிதன்று.

தூரம் நீண்ட வரலாறு

1884இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பவுல் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். 1886இல் லெபெல் என்னும் பெயரால் வழங்கும் பிரெஞ்சு றைபிள் அம்மருந்தைப் பயன்படுத்திற்று. குண்டு சிறுத்தது, வேகம் மிகுந்தது. அடுத்த மாற்றம் குண்டின் வடிவில் நேர்ந்தது. ஜேர்மனியர் மழுங்கிய முனையுடைய நீண்ட குண்டை விடுத்து, 1905 அளவிற் கூரிய முனையுடைய இலேசான குண்டைக் கொண்டனர். அதனாற் குண்டின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 640 மீற்றரிலிருந்து 880 மீற்றர் அளவுக்கு உயர்ந்தது. 1906இல் அமெரிக்கரும் அவ்வழியைப் பின்பற்றினர். காற்றைக் கிழித்துச் செல்லுங் கூர்முனைக் குண்டு, தொலைவிலும் வேகங் குன்றாது சென்றது.

இம்மாற்றம் இடக்கையாளனுக்கு ஒரு புதிய இடரைத் தந்தது. அமெரிக்க இடக்கை வேட்டைக்காரர் பலருக்கு அதுகாறும் புகலிடமாயிருந்தது நெம்புகோல் றைபிளாம். அதன் நெம்புகோல் அடிப்புறத்தே இருத்தலின் எந்தக் கைக்கும் அது ஒத்ததே. எனினும் 1894ஆம் ஆண்டு வின்செஸ்ரர் போன்றவற்றிலே தோட்டாக்கள் ஒரு குழாயினுள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். ஒன்றன் கூர்முனை முன்னதன் பற்றவைப்பு மூடியிற் குத்தி வெடிக்கக்கூடுமாதலின், மழுங்கிய முனைக் குண்டே அதற்குத் தகும். மழுங்கிய குண்டோ தூரஞ் செல்லாது. ஆதர் சவேஜ் என்பார் ஆக்கிய 1899ஆம் ஆண்டு நெம்புகோல் றைபிள், தோட்டாக்களைச் சுழலும் உருளையில் வைத்து இக்குறையை நீக்கியது. ஆயினும், போல்ட் றைபிளே உறுதியிலும் குறி தவறாமையிலும் சிறந்ததென்னும் எண்ணம் முதல் உலகப்போரின் பின் வலுத்தது. படையில் அதனைப் பழகி மீண்டோர் வேட்டைக்கும் அதனையே நாடினர். வின்செஸ்ரர் கம்பனி 1925இல் 54ஆம் மாதிரியையும் 1936இல் 70ஆம் மாதிரியையும் வெளியிட்டது. இரண்டும் வலக்கையாளனுக்கே உரியன.

பாரங் குறைந்தவாறு

பாரத்தின் வரலாற்றை இலங்கையிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, 1854இல் இலங்கை வேட்டையைப் பற்றி நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர், பாரிய குண்டும் மிகுந்த மருந்துமே யானையை வீழ்த்தவல்லன என்னுங் கொள்கையர். அவர் தமக்கெனச் செய்வித்த துவக்கொன்று 21 இறாத்தல் நிறையுடையது. கரிய வெடிமருந்துக் காலத்திற் குண்டின் வேகம் குறைவாதலின், வலிமை வேண்டியவன் பாரத்தையே நாடவேண்டியிருந்தது.

அரை நூற்றாண்டு கழிய, புகையில்லா மருந்து இக்கொள்கையைத் தலைகீழாக்கிற்று. ஸ்கொத்லாந்தினரான டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தியது 7 மில்லிமீற்றர் மௌசர் தோட்டா. யானையின் எலும்பமைப்பை ஆராய்ந்தறிந்து, மூளையிருக்கும் இடத்திற் குறிவைத்தமையே அவருடைய வெற்றியின் இரகசியமாம். அத்தனை உயிர்கள் அழிந்தமை இன்று பெருமைக்குரியதன்று. எனினும், குண்டின் பருமையன்று, அது படும் இடமே பெரிது என்னும் உண்மை அதனால் நிலைநாட்டப்பட்டது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்திய ஜிம் கோபெற்றுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட றைபிளும் இதே தோட்டாவுக்கு உரியதே.

1952இல் வின்செஸ்ரர் கம்பனி தன் 70ஆம் மாதிரியின் குழலைக் குறுக்கி, சில உறுப்புக்களை இலேசான உலோகத்தாற் செய்து, ஏறக்குறைய ஆறரை இறாத்தல் நிறையில் "இறகுப்பாரம்" எனப் பொருள்படும் பெயருடன் ஒரு வகையை வெளியிட்டது. 1980களின் நடுப்பகுதியில் மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் போப்ஸ், மரக்கட்டைக்குப் பதிலாகக் கெவ்லர், கரியிழை ஆகியவற்றாலான கட்டையைப் பொருத்தித் தொலைநோக்கி நீங்கலாக ஐந்து இறாத்தல் அளவான றைபிள்களை ஆக்கினார்.

ஆயின் பாரக்குறைவு விலையின்றிக் கிடைப்பதன்று. ஒரே தோட்டாவைப் பத்து இறாத்தல் றைபிளிலும் ஐந்து இறாத்தல் றைபிளிலும் சுட்டால், பின்னதன் உதைப்பு வேகமும் உதைப்புச் சத்தியும் முன்னதனைப் போல் இருமடங்காம். நியூற்றனின் விதிக்கு விலக்கில்லை. உதைப்புக்கு அஞ்சுபவன் விசையை அழுத்துமுன்னரே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவான், குறி தவறும். மேலும், இலேசான துவக்கு மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் அசையும்.

1959: ஒரு திருப்பம்

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் இடக்கையாளன் புறக்கணிக்கப்பட்டமைக்குக் காரணம் பகைமையன்று, கணக்கே. போல்ட்டை இடப்பக்கம் மாற்றுதல் ஒரு கைபிடியை மாற்றுவதோடு முடிவதன்று. போல்ட், அதனை அடக்கும் உருக்குக் கூடு, தோட்டா வெளியேறும் வாய் யாவும் கண்ணாடி விம்பம் போல மாறவேண்டும். அதற்கு வேறு அச்சும் வேறு கருவிகளும் வேண்டும். நூற்றிற் பத்துப்பேருக்காக அச்செலவை ஏற்கப் பெருந்தொழிற்சாலைகள் தயங்கின. பொருளுடையோர் துவக்குக் கம்மியரைக் கொண்டு தமக்கென மாற்றுவித்தனர்; ஏனையோர் கையை வளைத்துக்கொண்டனர்.

1958இல் சவேஜ் கம்பனி, நிக்கொலஸ் புரூவர் வகுத்த 110ஆம் மாதிரியை வெளியிட்டது. எளிதாகவும் மலிவாகவும் ஆக்கக்கூடிய அமைப்பாதலின், அடுத்த ஆண்டே, 1959இல், அதன் இடக்கை வடிவம் சாதாரண மக்களுக்கு எட்டும் விலையில் வெளிவந்தது. பின்னர் ரெமிங்ரன் முதலிய பிற கம்பனிகளும் அவ்வழிச் சென்றன. போப்ஸ் தம் இலேசான றைபிள்களையும் இடக்கைக்கு ஆக்கிக் கொடுத்தார். கை, தூரம், பாரம் மூன்றும் ஒருங்கு கூடியது அப்போதே.

தெரிவுக்கு வழி

இவ்வரலாற்றிலிருந்து தெரிவுக்குரிய முறையும் பெறப்படும். முதலில் அறியவேண்டியது கையன்று, கண். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டுத் தூரத்துப் பொருளொன்றை நோக்கி, ஒவ்வொரு கண்ணாக மூடினால், எக்கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளியில் நிலைக்கின்றதோ அதுவே ஆளுங் கண். இடக்கையும் இடக்கண்ணும் ஒத்தவனுக்கு இடக்கைப் போல்ட் ஐயமின்றித் தகும். ஒவ்வாதவன் இரு தோளிலும் வைத்துப் பார்த்தபின்னரே துணிதல் வேண்டும். இரண்டாவதாக, போல்ட் மட்டுமன்றிப் பாதுகாப்புப் பூட்டும் கட்டையின் கன்னமேடும் இடக்கைக்கு ஒத்தனவா என்று நோக்குதல் வேண்டும். மூன்றாவதாக, மலையேறுபவனுக்கு ஒவ்வோர் இறாத்தலும் பாரமே எனினும், தொலைநோக்கியுடன் ஆறரை தொடக்கம் ஏழரை இறாத்தல் வரை வருவது பலருக்கும் நடுவழியாம். அதற்குக் கீழே செல்பவன் உதைப்பு மிதமான தோட்டாவைத் தெரிதல் நன்று.

நான்காவது, தூரம். 200 யாருக்குச் சீராக்கப்பட்ட சாதாரண றைபிளின் குண்டு 400 யாரில் ஏறக்குறைய இரண்டடி தாழ்ந்துவிடும். மணிக்குப் பத்து மைல் வேகத்திற் குறுக்கே வீசுங் காற்று அதனை ஏறக்குறைய ஓரடி விலக்கிவிடும். குண்டு சென்றடைய அரைச் செக்கன் ஆகும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தாற் குடலிற் காயமுற்று எங்கோ ஒரு புதரில் நெடுநேரம் துன்புற்று மாளும். ஆகவே, வேட்டைத் தூரத்தின் எல்லையை வகுப்பது துவக்கன்று, துவக்கை ஏந்தியவனுடைய பயிற்சியும் மனச்சாட்சியுமேயாம். பத்துமுறை சுட்டாற் பத்தும் ஒரு சிறு தட்டினுள் விழும் தூரமே ஒருவனுக்கு உரிய தூரம்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக் காலம் இடக்கை வேட்டைக்காரனிடம் குறை காணப்பட்டது; அவன் தாமதிப்பவன், தடுமாறுபவன் எனப்பட்டான். கருவியை மாற்றியபோது அத்தாமதமும் தடுமாற்றமும் நீங்கின. குறை அவன் கையில் இருக்கவில்லை என்பது அப்போதுதான் புலனாயிற்று. இடக்கையால் எழுதிய சிறுவனுடைய விரல்களிற் பிரம்பு விழுந்த காலமும் ஒன்றிருந்தது. வலக்கையால் அவன் வரைந்த கோணல் எழுத்தைக் கண்டு அவனை மந்தனென மதித்தோரும் பலர். பெரும்பான்மையோருக்கென அமைந்த கருவியைச் சிறுபான்மையோன் கையில் வைத்து அவன் திறமையை அளத்தல், வேட்டைக் களத்தினும் வகுப்பறையிற் கொடிது. ஏனெனில், வேட்டைக்காரன் வேறு துவக்கு வாங்கலாம், பிள்ளையோ ஆசிரியரைத் தெரிந்தெடுக்க முடியாது.