நோயாளியும் சொல்லும் சாசனமும்: இறுதிக்காலப் பராமரிப்பு பற்றிய உரையாடலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கடுநோயுற்ற ஒருவரிடம் அவரது நிலையை எடுத்துக்கூறி, இனிவரும் காலத்தில் எத்தகைய சிகிச்சையை அவர் விரும்புகின்றார், எதனை வேண்டாமென்கின்றார் எனக் கேட்டறிதல் இன்று மேலைநாட்டு மருத்துவக் கல்வியில் ஒரு திறனாகப் பயிற்றப்படுகின்றது. சொற்களைத் தெரிவுசெய்தல், மௌனத்துக்கு இடமளித்தல், நோயாளியின் அச்சத்துக்கு முகங்கொடுத்தல் என அது நுட்பங்களின் தொகுதியாக விளக்கப்படுகின்றது. நுட்பங்கள் வேண்டியவையே. ஆயினும், யார் யாரிடம் எதைப் பேசலாம் என்பது எக்காலத்திலும் வெறும் நுட்பப் பிரச்சினையாக இருந்ததில்லை. அது சமூக உறவுகளோடு பின்னிப்பிணைந்தது. இவ்வுரையாடல் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கடந்த இரு நூற்றாண்டுகளிற் பெற்ற வடிவங்களை நோக்கி, அவற்றோடு கேரளத்து அனுபவத்தை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

1803ஆம் ஆண்டு மஞ்செஸ்டர் நகர வைத்தியரான தோமஸ் பேர்சிவல் மருத்துவ ஒழுக்கவியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். பருத்தியாலைகள் பெருகிய நகரம் அது. அதன் வைத்தியசாலை செல்வர்களின் நன்கொடையால் இயங்கி, வறியோருக்குச் சிகிச்சையளித்தது. பேர்சிவல் இரக்கமற்றவர் அல்லர். 1784இல் ஆலைத் தொழிலாளரிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்து, சிறுவர்களின் வேலைநேரம் பற்றிக் கவலை தெரிவித்தவர்களுள் அவரும் ஒருவர். எனினும், நோயாளியிடம் உண்மை கூறுதல் பற்றி அவர் வகுத்த நெறி தெளிவானது. வைத்தியர் இருண்ட எதிர்வுகூறல்களை முந்திக்கொண்டு கூறலாகாது. ஆபத்து நெருங்கும்போது நோயாளியின் உற்றாருக்கு அறிவிக்க வேண்டும். நோயாளிக்கு அறிவிப்பது முற்றிலும் அவசியமான இடத்து மட்டுமே. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தனது ஒழுக்கக் கோவையை வகுத்தபோது இக்கருத்தையே பெரிதும் பின்பற்றியது. வேர்திங்டன் ஹூக்கர் போன்ற சில வைத்தியர்கள் அந்நூற்றாண்டிலேயே நோயாளியை ஏமாற்றுவதைக் கண்டித்தனராயினும், பெருவழக்கு மாறவில்லை.

பேர்சிவலின் நூலில் மற்றோரிடமும் மனங்கொள்ளத்தக்கது. சொத்தைப் பங்கிடும் கவலை இல்லாதிருப்பது வறியோரின் வாழ்வை இலகுவாக்கும் நிலைமைகளுள் ஒன்று என்று கூறும் அவர், இதற்கு விதிவிலக்குகள் உண்டென்றும், அத்தகையோருக்கு மரணசாசனத்தின் தேவையை நினைவூட்டவேண்டும் என்றும் எழுதுகின்றார். சாவை முன்னிட்டுத் திட்டமிடுதல் என்பது சொத்தைத் திட்டமிடுதலாகவே இங்கு கருதப்படுகின்றது. சொத்தற்றவனுக்கும் எஞ்சியுள்ள நாட்கள் உண்டு, அந்நாட்களைப் பற்றி அவனுக்கும் விருப்பங்கள் உண்டு என்பது அக்காலத்துப் பார்வைக்குப் புலப்படவில்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் தகும். 'நோயாளிக்குச் சொல்லாதீர்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள்' என்னும் வழக்கத்தை எமது பண்பாட்டின் தனிக்கூறாக எண்ணிப் போற்றுவோரும் உளர், பழிப்போரும் உளர். அது ஆங்கில நடுத்தர வர்க்க மருத்துவத்தின் எழுதப்பட்ட விதியாகவும் இருந்தது என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

3

இந்த மௌனத்தின் உட்பொருளை மருத்துவ நூல்களிலும் பார்க்க ஆழமாக வெளிப்படுத்தியது இலக்கியமே. 1886இல் வெளிவந்த தோல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்' ஒரு நீதிபதியின் இறுதி நாட்களைச் சித்திரிப்பது. அவர் சாகவில்லை, வெறுமனே நோயுற்றிருக்கின்றார் என்று சுற்றியுள்ளோர் அனைவரும் நடிக்கின்றனர். அப்பொய்யே அவரைப் பெரிதும் வதைக்கின்றது. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோர்முன் தாம் பூண்ட அதே தோரணையை வைத்தியர் தம்முன் பூணுவதை அவர் காண்கிறார். வைத்தியர் நோயாளியோடும் நீதிபதி கைதியோடும் கொள்ளும் உறவுகள் ஒரே உத்தியோக வர்க்கத்தின் இரு முகங்கள் என்பதை ஆசிரியர் விளக்கவுரை எதுவுமின்றி உணர்த்திவிடுகின்றார்.

பொய் கூறாதவன் பணியாளாகிய கெராசிம் என்னும் குடியானவ இளைஞன் ஒருவனே. நோயாளியின் கழிவை அகற்றுபவனும், வலி தணிய அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கி இரவிரவாக அமர்ந்திருப்பவனும் அவனே. அவனிடம் உண்மையும் பராமரிப்பும் பிரிந்து நிற்கவில்லை. கெராசிமை இலட்சியப்படுத்தும்போது அவனது உழைப்பு ஏவலாளின் உழைப்பு என்பதைத் தோல்ஸ்தோய் அழுத்தவில்லை. அது அவரது உலகநோக்கின் எல்லை. ஆயினும், உண்மை கூறுபவன் கூடவே இருந்து சுமையைத் தாங்குபவனாகவும் இருக்கும்போதே அவ்வுண்மை தாங்கத்தக்கதாகின்றது என்னும் அவரது கண்டுபிடிப்பு இவ்வரலாறு முழுவதற்கும் உரைகல்லாகும்.

4

1961இல் சிக்காகோ வைத்தியசாலையொன்றின் 219 வைத்தியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே ஏறத்தாழ 90 சதவீதத்தினர் விரும்பினர். 1979இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இத்தலைகீழ் மாற்றத்துக்குச் சிகிச்சைமுறைகளின் வளர்ச்சி ஒரு காரணம். குடியுரிமை இயக்கமும் பெண்கள் இயக்கமும் அதிகாரத்தின் மௌனங்களைப் பொதுவில் வினாவத் தொடங்கியமை மற்றொரு காரணம். இங்கிலாந்தில், தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவி, வலிதணிப்பையும் உரையாடலையும் ஒரே பணியின் கூறுகளாக்கினார்.

ஆனால், ஐக்கிய அமெரிக்காவில் இம்மாற்றம் சட்டத்தின் வடிவத்தையே முதன்மையாக எடுத்தது. 1969இல் லூயிஸ் குட்னர் என்னும் சிக்காகோச் சட்டத்தரணி, சிகிச்சையை மறுக்கும் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை முன்மொழிந்து, அதற்கு 'லிவிங் வில்', அதாவது வாழும்போதே செயற்படும் மரணசாசனம், எனப் பெயரிட்டார். 1975இல் உணர்விழந்த கரன் ஆன் குவின்லன் என்னும் இளம்பெண்ணின் சுவாசக் கருவியை அகற்றலாம் என 1976இல் நியூ ஜேர்சி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கலிபோர்னியா இத்தகைய ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. 1990இல் இயற்றப்பட்டு 1991 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், அரச நிதிபெறும் வைத்தியசாலைகள் நோயாளருக்கு இவ்வுரிமையை எழுத்தில் அறிவிக்க வேண்டுமென விதித்தது.

கருவிகளின் ஆதிக்கத்துக்கும் வைத்தியரின் தனியதிகாரத்துக்கும் எதிராக இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுத்தல் கூடாது. எனினும், வடிவத்தை உற்றுநோக்க வேண்டும். சொத்துடையவன் சொத்தைப்பற்றி எழுதும் சாசனமே உடலுக்கும் பெயர்த்தெடுக்கப்பட்டது. தன் உடலின் உடைமையாளனாகிய தனிமனிதன், தனித்திருந்து முடிவெடுத்துக் கையொப்பமிடுகின்றான் என்பதே அதன் எடுகோள். அவ்வெடுகோள் நடைமுறையில் நிலைக்கவில்லை. 1989 முதல் 1994 வரை ஐந்து போதனா வைத்தியசாலைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை உள்ளடக்கிய பேராய்வொன்றின் முடிவுகள் 1995இல் வெளியாயின. நின்ற இதயத்தை மீள இயக்கும் முயற்சி வேண்டாம் என்று விரும்பிய நோயாளரின் வைத்தியர்களிற் பாதிக்கும் குறைவானோரே அவ்விருப்பத்தை அறிந்திருந்தனர். பயிற்சிபெற்ற தாதியர் விருப்பங்களைக் கேட்டறிந்து வைத்தியருக்குத் தெரிவித்த பின்னரும் நிலைமை திருந்தவில்லை. நிறுவனத்தின் வேலைப்பிரிவினையையும் படிநிலையையும் மாற்றாமல் உரையாடலை மட்டும் மேலே ஒட்டவைத்தால் அது ஒட்டாது என்பதே இதன் பாடம்.

இதற்கு மாறாக, விஸ்கொன்சின் மாநிலத்து லா குரோஸ் நகரில் 1991 முதல் அங்குள்ள மருத்துவ நிறுவனங்கள் ஒன்றிணைந்து இவ்வுரையாடலை ஊர்வழக்கமாக்கின. அங்கு இறந்த 540 பேரை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, அவர்களில் 85 சதவீதத்தினர் தம் விருப்பத்தை எழுத்தில் வைத்திருந்தனர் எனக் கண்டது. பத்திரத்துக்குப் பொருள் தந்தது பலகாலப் பேச்சேயாகும்.

உரையாடலின் அரசியல் இருமுறை வெளிப்படையாயிற்று. இதற்காக வைத்தியருக்கு அரச காப்புறுதி ஊதியம் வழங்கும் ஏற்பாட்டை, 2009இல் வலதுசாரிகள் 'மரணக் குழுக்கள்' எனத் திரித்துக் கைவிடச் செய்தனர். 2016இலேயே அது நடைமுறைக்கு வந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது இங்கிலாந்தில் உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்னும் குறிப்புகள் சிலருக்கு அவர்களோடோ உறவினரோடோ பேசாமலேயே எழுதப்பட்டன என்பதைப் பராமரிப்புத் தர ஆணைக்குழுவின் 2021 மார்ச் அறிக்கை வெளிக்கொணர்ந்தது. முன்னையது ஒரு பீதியின் கட்டுக்கதை. பின்னையது அப்பீதிக்கு அடிநிலையாக உள்ள உண்மை. பராமரிப்பு பங்கீட்டுப் பொருளாகும்போது, உன் விருப்பம் என்ன என்னும் வினா, உனக்கு இனி இல்லை என்னும் அறிவித்தலாக மாறிவிடக்கூடும்.

5

கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய நோவுதணிப்புப் பணி, அந்நூற்றாண்டின் இறுதியை அண்மித்து அயலவர் வலையமைப்பாக விரிந்தது. பயிற்சிபெற்ற ஊர்த் தொண்டர்களும் தாதியரும் வீடுகளுக்குச் சென்றனர். சிறு நன்கொடைகள் திரட்டப்பட்டன. உள்ளூராட்சி மன்றங்கள் இணைந்தன. 2008இல் மாநில அரசு இதனைக் கொள்கையாக்கியது. நிலச்சீர்திருத்தம், எழுத்தறிவு, நூலக இயக்கம், 1996இன் மக்கள் திட்டமிடல் ஆகியவை பண்படுத்திய மண்ணிலேயே இது வேர்கொண்டது. குறைகள் இல்லாமலில்லை. வீட்டுப் பராமரிப்பின் சுமை ஊதியமின்றிப் பெண்கள்மீதே பெரிதும் விழுகின்றது. நோயாளியிடம் மறைக்குமாறு கோரும் குடும்பங்கள் அங்கும் உள்ளன. ஆயினும், கேட்பவர் நாளையும் வருவார், மருந்தோடு வருவார் என்னும் உறுதி அங்கே உரையாடலுக்கு முற்பட்டு நிற்கின்றது. வாழுங்காலச் சாசனத்தை இந்திய உச்சநீதிமன்றம் ஏற்றது 2018இல். நீதவானின் ஒப்பத்தைக் கோரிய அச்சிக்கலான முறையை அது தளர்த்தியது 2023இல். சட்டம் வருமுன்னரே மக்கள் பேசத் தொடங்கியிருந்தனர்.

உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் மோர்பின் வகை வலிநிவாரணிகள் ஏறத்தாழ 298.5 மெற்றிக் தொன். அதில் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்வது 0.1 மெற்றிக் தொன் மட்டுமே என 2017இல் வெளியான சர்வதேச அறிக்கையொன்று கணித்தது. வலியை அடக்க மருந்தில்லாத இடத்தில், எங்கே, எவ்வாறு இறக்க விரும்புகின்றீர் என்று கேட்பது எத்துணைக் கனிவான சொற்களால் அமைந்தாலும் பொருளற்றது. தெரிவுரிமை என்பது தெரிவுசெய்யத்தக்க பொருள்கள் இருக்கும்போதே உரிமையாகும். ஆகவே, சாகும் மனிதனிடம் உண்மை பேசுவதற்கான போராட்டமும், பராமரிப்பைப் பொதுவுடைமையாக்குவதற்கான போராட்டமும் இரண்டல்ல. பேர்சிவல் கண்ட சொத்தற்றவனும் தன் இறுதி நாட்களைப் பற்றித் தானே பேசவல்லவனாகும்போதே இவ்வுரையாடல் முழுமை பெறும்.