மேசையும் நிலமும்: இந்தியன் கோப்பி ஹவுஸ் தொழிலாளரின் சரித்திரம்

எந்தச் சிறு பட்டினத்திலும் நாலு பேர் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் இருக்கும். நம்மிடையே அது பெரும்பாலும் தேநீர்க் கடைதான். அக்கடையின் வாங்கில் அமர்ந்து உலக நடப்புகளை விவாதித்த நாம், தேநீரைக் கொணர்ந்து வைத்தவருக்கு நாளை வேலை உண்டா என்று விசாரித்தது குறைவு. உணவுக் கடைகளைப் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் உண்டவர்களின் சரித்திரமாகவே இருக்கின்றன. பரிமாறியவர்களின் சரித்திரம் எழுதப்பட்டது அரிது. அத்தகைய சரித்திரம் ஒன்று இந்தியாவிலே உண்டு. அதனை நோக்குவோம்.

1930களின் பொருளாதார மந்தத்தினால் கோப்பியின் ஏற்றுமதி விலை வீழ்ந்தது. தென்னிந்தியத் தோட்டங்களில் விளைந்த கோப்பி விற்பனையின்றித் தேங்கியது. உள்நாட்டு மக்களையே கோப்பி குடிக்கப் பழக்கினால் தோட்டத் துரைமாரின் நட்டம் குறையும் என ஆட்சியாளர் கருதினர். 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரி விதிக்கப்பட்டு, அதற்கென ஒரு குழுவும் நிறுவப்பட்டது. அக்குழு 1936 இல் பம்பாயின் சர்ச்கேட் பகுதியில் முதலாவது 'இந்தியா கோப்பி ஹவுஸை'த் திறந்தது. பின்னர் இக்கடைகள் கோப்பிச் சபையின் பொறுப்பில் நாட்டின் பல நகரங்களிலும் பரவின. ஆக, தேங்கிய சரக்கை விற்கும் வழியாகவே இவை தோன்றின. அங்கே எழுத்தாளரும் மாணவரும் தொழிற்சங்கவாதிகளும் கூடிப் புதிய சிந்தனைகளை வளர்ப்பர் என்பதை அவற்றைத் திறந்தவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

தேவைக்காகத் திறந்தவர்கள், தேவை தீர்ந்ததும் மூட முற்பட்டனர். 1950களின் நடுப்பகுதியில் கோப்பிச் சபை தன் கொள்கையை மாற்றிக்கொண்டு கடைகளை மூடத் தீர்மானித்தது. வாழ்நாளின் நல்ல பகுதியை அந்த மேசைகளுக்கிடையே நடந்து கழித்த தொழிலாளர் தெருவில் விடப்பட்டனர். வழக்கமான பாதை அவர்களுக்குத் தெரியும்: மனுக் கொடுப்பது, மறியல் செய்வது, ஈற்றில் கிடைத்த நட்ட ஈட்டுடன் கலைந்து போவது. அவர்கள் வேறொரு பாதையைத் தெரிந்தனர். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு வழிகாட்டியாக நின்றார். வேலை தருமாறு கேட்பதை விடுத்து, கடைகளையே நீங்கள் பொறுப்பேற்றால் என்ன என்பதே அவர் முன்வைத்த வினா.

1957 ஓகஸ்ட் 19 இல் பெங்களூரில் முதலாவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே டில்லித் தொழிலாளரும் தம் கடையைத் திறந்தனர். 'இந்தியா கோப்பி ஹவுஸ்' இப்போது 'இந்தியன் கோப்பி ஹவுஸ்' ஆயிற்று. பெயரில் மாறியது ஓரெழுத்துத்தான். உடைமையில் நிகழ்ந்த மாற்றமோ பெரிது. கல்கத்தாவில் அல்பேர்ட் ஹோல் மண்டபத்திலிருந்த கடை 1958 இல் மூடப்பட்டபோது, அதனைக் காக்குமாறு பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு மனுச் செய்தனர். அவ்வாண்டிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆசிரியர்களாகிய நாம் இதனை நினைவிற் கொள்ளல் தகும். தமக்குப் பரிமாறியவர்களின் வேலைக்காகவும் படித்தவர்கள் குரல் கொடுத்த சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

இவ்வியக்கம் ஆழ வேரூன்றிய இடம் கேரளம் எனலாம். 1958 மார்ச் 8 இல் திருச்சூரிலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் தலச்சேரியிலும் கடைகள் திறக்கப்பட்டன. இவை பெருநகரங்களல்ல, சாதாரண மக்கள் வந்து செல்லும் பட்டினங்கள். கோப்பை கழுவுபவராகச் சேர்ந்தவர் பரிமாறுபவராகி, பின்னர் கடையின் பொறுப்பாளராகவும் உயர இங்கு வழியிருந்தது. பல பிரதேசங்களின் சங்கங்கள் இணைந்து அகில இந்தியச் சம்மேளனமொன்றையும் அமைத்தன. தனித்து நின்றிருந்தால் ஒவ்வொன்றும் பக்கத்துக் கடையுடனான போட்டியிலேயே நொடிந்திருக்கக்கூடும்.

ஆயினும் இச்சரித்திரத்தை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது உண்மைக்கு மாறானது. மேசை தொழிலாளருக்குச் சொந்தமாயிற்று; மேசை நின்ற நிலம் ஆகவில்லை. டில்லி கொனோட் பிளேசில் இருந்த கோப்பி ஹவுஸ், அரசை விமர்சிப்போர் கூடுமிடமாகப் பெயர் பெற்றிருந்தது. அவசரகால நிலையின்போது, 1976 இல், அது இடிக்கப்பட்டது. அங்கு பின்னர் பாலிகா பஜார் என்னும் நிலத்தடிச் சந்தை எழுந்தது. மோகன் சிங் பிளேசுக்கு இடம்பெயர்ந்த கடையும், 2009 ஆம் ஆண்டளவில், நகரசபைக்குச் செலுத்தவேண்டிய வாடகைப் பாக்கியினால் மூடப்படும் நிலையை எய்தியது. அதே 2009 இல் பெங்களூர் எம். ஜி. வீதிக் கடை, அரை நூற்றாண்டு காலம் இருந்த கட்டிடத்தை இழந்து சர்ச் வீதிக்குச் சென்றது. ஒன்றிலே நிலத்துக்குரியது ஸ்தல ஸ்தாபனம், மற்றொன்றிலே தனியார். வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தபோதிலும் வாடகைக்கு இருப்பவரே.

உள்ளே இருந்த குறையையும் நாம் மறைத்தலாகாது. கேரளச் சங்கங்களில் பல பத்தாண்டுகளாகப் பரிமாறியவர் யாவரும் ஆண்களே. உடைமையைப் பொதுவாக்கியவர்கள் வேலையைப் பொதுவாக்கத் தயங்கினர். சமத்துவம் ஒரு வாசலால் நுழைந்துவிட்டால் ஏனைய வாசல்கள் தாமே திறந்துவிடும் என்று நம்புவோருக்கு இது ஒரு பாடம்.

அப்படியாயின் அவர்கள் சாதித்தது என்ன? அரசாங்க சபை கைவிட்ட கடைகளில் பலவற்றைப் பரிமாறியவர்களே ஆறு தசாப்தங்களுக்கு மேலாக நடத்திக் காட்டினர். முதலாளியின்றிக் கடை நடவாது என்ற கூற்றை அவர்கள் அன்றாடம் பொய்ப்பித்தனர். ஆனால் ஒற்றுமை கடையின் நான்கு சுவர்களுக்குள் நின்றுவிடுமாயின் அது அரைகுறை ஒற்றுமையே. நிலத்தை யார் ஆள்வது, வாடகையை யார் விதிப்பது, நகரசபை யாருடைய நலனுக்காக இயங்குவது என்ற வினாக்கள் கடைக்கு வெளியே, அங்கே அமர்ந்து கோப்பி அருந்திய மக்களிடம் இருக்கின்றன. 1958 இல் கல்கத்தாப் பேராசிரியர்கள் அவ்வினாவுக்கு ஒருமுறை விடையளித்தனர். நமது பட்டினத்துக் கடை வாங்கில் அடுத்த முறை அமரும்போது, நமது விடை என்னவென்று நாமும் கேட்டுக்கொள்வோமாக.