கோடும் புள்ளியும்

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையைக் கடந்து திண்டிவனம் சாலையில் வண்டியோட்டுபவருக்கு ஹெல்மெட் துணை. முடி மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு முதல் பத்துப் பதினைந்து நாளைக்கு அதுவே பகை. பின்மண்டைத் தோல்பட்டையை வெட்டியெடுக்கும் எஃப்யூடி ஆனாலும், அங்கிருந்து ஒவ்வொரு வேராகத் தோண்டியெடுக்கும் எஃப்யூஇ ஆனாலும், முன்னந்தலையில் நட்ட வேரை ஹெல்மெட் உரசிப் பிடுங்கிவிடலாம். எஃப்யூடி செய்தவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: ஹெல்மெட்டின் விளிம்பு பின்மண்டைத் தையல்மேலேயே உட்காரும்.

இரண்டையும் ஒப்பிட இந்த ஹெல்மெட்டே நல்ல இடம். வேறுபாடெல்லாம் பின்மண்டையில், ஒற்றுமையெல்லாம் முன்னந்தலையில்.

பின்மண்டையை முதலில் பார்ப்போம். எஃப்யூடியில் தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை குனிந்தால் இழுக்கும். மரத்துப்போன உணர்வு சில மாதங்கள்கூட நீடிக்கும். எஃப்யூஇயில் தையலே இல்லை. துளைகள் சில நாளில் மூடிக்கொள்ளும், வலியும் குறைவு. ஆறும் வேகத்தில் எஃப்யூஇக்கே வெற்றி என்பதில் ஐயமில்லை.

எஃப்யூஇக்குத் ‘தழும்பே இல்லை’ என்ற விளம்பரத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. எஃப்யூடி விட்டுச்செல்வது ஒரு கோடு. எஃப்யூஇ விட்டுச்செல்வது ஒரு மில்லிமீட்டர் அளவிலான நூற்றுக்கணக்கான வெளிர்புள்ளிகள். வெள்ளைத் தோலில் அவை கரைந்துபோகும், நம் கருந்தோலில் பளிச்சென்று தெரியும். அதே கருந்தோலில் எஃப்யூடியின் கோடு கெலாய்டாகத் தடிக்கும் வாய்ப்பும் கூடுதல். முடியை ஓரளவு வளர்த்தால் கோடு மறைந்துவிடும். குட்டையாக வெட்டினாலும் புள்ளிகள் ஓரளவு ஒளிந்துகொள்ளும். ஆனால் மயிலம் முருகனுக்கோ பழனிக்கோ வேண்டுதல் மொட்டை என்று வந்துவிட்டால் இரண்டும் ஒருசேர வெளிப்படும். (ஆறியபின் மொட்டையடிப்பதால் நட்ட முடிக்குக் கேடில்லை, வேர் கத்திக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது.)

முன்னந்தலைக்கு வந்தால் இரண்டையும் பிரித்தறியவே இயலாது. மூன்றாம் நான்காம் நாளில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைவரை இறங்கும். தலையை உயர்த்திப் படுத்தால் சற்று மட்டுப்படும். ஒரு வாரம் பத்து நாளில் பொருக்கு உதிரும். பிறகு, இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள், நட்ட முடியே கொட்டத் தொடங்கும். சில நேரம் பக்கத்திலிருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் சேர்ந்து உதிரும். பணம் போயிற்றே என்று பதறாதவர் குறைவு. உதிர்வது தண்டு மட்டுமே, வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி தலைகாட்டும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். எந்த முறையில் எடுத்த வேர் என்று முன்னந்தலைத் தோலுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், முறையைத் தேர்ந்தெடுக்கையில் எல்லோரும் அலசுவது பின்மண்டையை. செய்துகொண்டபின் தூக்கம் கெடுவது முன்னந்தலையால்.

உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இடமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: மரத்துப்போகப் போடும் ஊசி. மணிக்கணக்கில் நீளும் அறுவையில் அந்த ஊசி மருந்தான லிடோகெயின் அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். 2016இல் சென்னையில் முடி மாற்று செய்துகொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அறுவை நடந்தது அழகு நிலையமொன்றில். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூபில் பார்த்துக் கற்றது இத்தொழிலுக்குப் போதிய பயிற்சி ஆகாது என்றே எழுத வேண்டியிருந்தது. அவசரம் நேர்ந்தால் கைகொடுக்க மயக்கவியல் மருத்துவரும் உயிர்காக்கும் கருவியும் அருகில் உண்டா என்று கேட்பது, கோடா புள்ளியா என்று கேட்பதைவிட முக்கியம் என்பேன்.

இரு முறைகளுக்கும் இடையே எனக்கு மிகவும் பிடித்த உறவு வேறொன்று. எஃப்யூடியின் கோடு அகன்றுபோனவருக்கு இன்று மருத்துவர்கள் செய்யும் பரிகாரங்களில் ஒன்று எஃப்யூஇதான்: தாடியிலிருந்தோ தலையின் வேறிடத்திலிருந்தோ ஒவ்வொரு வேராக எடுத்து அந்தத் தழும்பிலேயே நடுகிறார்கள். மறுபக்கம், எஃப்யூஇயில் அளவுக்கு மீறித் தோண்டி, பின்மண்டை பூச்சியரித்ததுபோல் ஆனவருக்கு எஃப்யூடியால் பெரிதாக உதவ முடிவதில்லை. வெட்டியெடுக்கும் பட்டையில் அடர்த்தியே மிஞ்சியிருக்காது. அவருக்கும் பெரும்பாலும் தாடியே கதி.