தடுப்பூசி போட்ட நர்ஸ், டாக்டர்களுக்கும் கொரோனா வந்தது ஏன்? ஆன்டிபாடி அளவு சொல்வது என்ன?

"ரெண்டு டோஸும் போட்டாச்சு, இனி கொரோனா வராது" என்ற நம்பிக்கையோடு வேலைக்குத் திரும்பிய மருத்துவப் பணியாளர்கள் சிலருக்கும் தொற்று ஏற்பட்டது. இதற்கான காரணத்தை இஸ்ரேலின் ஷெபா மருத்துவ மையம் 2021-ல் ஆராய்ந்தது.

ஆய்வில் தெரியவந்தது என்ன?

ஃபைசர் தடுப்பூசியின் இரண்டு டோஸும் போட்டு, பிசிஆர் பரிசோதனை செய்துகொண்ட 1,497 பணியாளர்களில் 39 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானோருக்கு லேசான அறிகுறிகள்தான். சிலருக்கு அதுவும் இல்லை. ஒருவர்கூட மருத்துவமனையில் அனுமதிக்கப்படவில்லை. ஆனால் 19 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் 6 வாரங்களைத் தாண்டியும் நீடித்தன.

ஆன்டிபாடிக்கும் தொற்றுக்கும் என்ன தொடர்பு?

வைரஸ் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பவை நடுநிலையாக்கும் ஆன்டிபாடிகள். தொற்று வந்த சமயத்தில், அந்தப் பணியாளர்களிடம் இவற்றின் அளவு, தொற்று வராத சக பணியாளர்களிடம் இருந்ததில் சுமார் 36 சதவீதம் மட்டுமே. அதாவது, அளவு குறையக் குறைய ஆபத்து கூடுகிறது.

அப்புறம் ஏன் நோய் தீவிரமாகவில்லை?

ஆன்டிபாடி முதல் காவல் மட்டுமே. அதைத் தாண்டி வைரஸ் நுழைந்தாலும், தடுப்பூசியால் உருவான டி செல்களும் நினைவு செல்களும் உள்ளே நின்று போராடும்.

டெஸ்ட் எடுத்து அளவைப் பார்த்துக்கலாமா?

அது பலன் தராது. "இந்த அளவு இருந்தால் தொற்றே வராது" என்று சொல்லும் எல்லைக்கோடு எதுவும் வகுக்கப்படவில்லை. சில டெஸ்ட் கிட்கள் வைரஸின் வேறு புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடுபவை. ஸ்பைக் புரதத்தை மட்டும் கொண்டு எதிர்ப்பைத் தூண்டும் தடுப்பூசி போட்டவருக்கு, அதில் 'நெகட்டிவ்' என்று வரலாம். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதுகாப்பை அளக்க இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 மே மாதமே அறிவுறுத்தியது.

அப்போ எதைக் கவனிக்கணும்?

அந்த 39 பேரில் 29 பேரின் உடலில் ஏதாவது ஒரு கட்டத்தில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தது. அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியதாக ஆய்வில் பதிவாகவில்லை. ஆனாலும் புற்றுநோயாளி, டயாலிசிஸ் செய்பவர், முதியவர் அருகில் வேலை செய்பவர் அதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி எண் எவ்வளவு காட்டினாலும், லேசான தொண்டை வலி வந்தாலே பரிசோதனை செய்துகொண்டு, நோயாளி பக்கம் மாஸ்க்கோடு போவதுதான் பாதுகாப்பு.