தொப்பியைக் கழற்றாத கௌபாய்

படப்பிடிப்பில் ஹெர்ப் ஜெஃப்ரீஸுக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. முகத்தில் அடர்நிற மேக்கப் பூசிக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் தொப்பியைக் கழற்றக் கூடாது. குதிரையில் பாய்ந்தாலும், கைகலப்பில் உருண்டாலும், கதாநாயகியைப் பார்த்துப் பாடினாலும் தொப்பி தலையிலேயே இருந்தாக வேண்டும். அதற்கு அடியில் இருந்தது பழுப்பு நிற அலைமுடி. அது கண்ணில் பட்டால், கறுப்பின மக்களுக்காகவே எடுக்கிற படத்தின் நாயகன் கறுப்பர்தானா என்ற கேள்வி எழுந்துவிடும் என்று தயாரிப்பாளர் அஞ்சினார். இதைப் பிற்காலப் பேட்டிகளில் ஜெஃப்ரீஸே சொல்லியிருக்கிறார்.

1937 முதல் 1939 வரை அவர் நடித்தவை நான்கே கௌபாய் படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். சொற்பக் காசில், சில நாட்களில் எடுத்து முடித்தவை. ஹாலிவுட் வரலாற்றை எழுதிய பலர் அவற்றை ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கத் திரையில் ஒரு கறுப்பினக் கதாநாயகன் துப்பாக்கியும் கிதாரும் ஏந்தி, குதிரை மேல் அமர்ந்து பாடியது அவற்றில்தான் தொடங்கியது.

பாடும் கௌபாய் என்ற உருவமே அப்போது புதிது. படங்கள் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளில் கென் மேனார்ட் தன் கௌபாய் படங்களில் ஒன்றிரண்டு பாட்டுகளைப் பாடிப் பார்த்தார். 1933இல் ஜான் வெய்னைக்கூட ‘சிங்கிங் சாண்டி’ என்ற பெயரில் பாட வைத்தார்கள், குரல் இன்னொருவருடையது. வெய்னுக்கு அது பிடிக்கவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. அந்த இடத்தை நிரப்பியவர் ஜீன் ஆட்ரி. டெக்சஸில் பிறந்து, ஒக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஊழியராக வேலை பார்த்து, சிகாகோ வானொலியில் பாடிப் பெயர் வாங்கியவர். 1935இல் ரிபப்ளிக் நிறுவனத்துக்காக அவர் நடித்த ‘டம்பிளிங் டம்பிள்வீட்ஸ்’ வசூலைக் குவித்தது. உடனே சின்ன நிறுவனங்கள் எல்லாம் பாடத் தெரிந்த கௌபாயைத் தேடி அலைய ஆரம்பித்தன.

அதில் கணக்கு ஒன்று இருந்தது. அன்று ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவது திரையரங்குகளின் வழக்கம். பெரிய நட்சத்திரப் படத்துக்கு வசூலில் பங்கு கொடுக்க வேண்டும். கூடவே ஓடும் துணைப் படத்துக்கோ ஒரே நிலையான வாடகைதான். ஆகவே துணைப் படம் எடுப்பவருக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும். லாபம் வேண்டுமானால் செலவைக் குறைப்பதுதான் வழி. குதிரைத் துரத்தலுக்கு ஆள், குதிரை, சாகச வீரர், பல கோணங்கள் எல்லாம் தேவை. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு நாயகன், ஒரு கிதார், ஒரு கணப்பு நெருப்பு, ஓரிரண்டு கேமரா கோணங்கள் போதும். இசைத்தட்டும் விற்கும். ரிபப்ளிக் முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸின் கையில் இசைத்தட்டு நிறுவனமும் இருந்தது. பாட்டு படத்தை விற்றது, படம் பாட்டை விற்றது. ஆட்ரி சம்பளத் தகராறில் விலகி நின்றபோது, 1938இல் அதே நிறுவனம் ராய் ரோஜர்ஸை நாயகனாக்கியது. அவரையும் பாட வைத்தது.

இந்தப் படங்களைக் கறுப்பினக் குழந்தைகளும் பார்த்தார்கள். தென் மாநிலங்களில் அவர்களுக்கு பால்கனியில்தான் இடம், அதுவும் தனி வாசல் வழியாக. சில ஊர்களில் வெள்ளையர் காட்சிகள் முடிந்த பிறகு நள்ளிரவுக் காட்சி மட்டும். கறுப்பினக் குடியிருப்புகளுக்கென்று தனி அரங்குகள் இருந்தன. அங்கேயும் திரையில் குதிரை ஓட்டியவர்கள் வெள்ளையர்களே.

உண்மையான மேற்கு அப்படி இருக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், டெக்சஸிலிருந்து கான்சஸ் ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. அடிமைகளாக இருந்தபோதே மாடு மேய்த்தும், குதிரையைப் பழக்கியும் கற்ற தொழில் அது. விடுதலைக்குப் பிறகு கூலி வாங்கிச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான நாட் லவ் 1907இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். டெக்சஸில் பிறந்த பில் பிக்கெட், ஓடும் காளை மீது குதிரையிலிருந்து பாய்ந்து, கொம்பைப் பிடித்துத் தலையைத் திருகி, அதன் மேலுதட்டைப் பல்லால் கவ்விச் சாய்க்கும் வித்தையால் நாடெங்கும் புகழ்பெற்றார். ரோடியோ போட்டிகளில் இன்றும் நடக்கும் காளை சாய்க்கும் விளையாட்டு அவர் வழி வந்ததுதான், உதட்டைக் கடிப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ரிச்சர்ட் நார்மன் அவரை வைத்து மௌனப் படமும் எடுத்தார். இவ்வளவு இருந்தும் அந்த முகம் எப்படி மறக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: மேற்கின் நாயகர்கள் என்ற வரிசையில் 1994க்கென அமெரிக்க அஞ்சல் துறை அச்சிட்ட தபால் தலையில் பில் பிக்கெட்டின் பெயருக்கு மேல் அவருடைய சகோதரர் பென்னின் படம் இருந்தது. தவறு தெரிந்ததும் தாள்களைத் திரும்பப் பெற்று, மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

ஜெஃப்ரீஸ் மாடு மேய்க்கும் நாட்டில் பிறந்தவர் அல்லர். 1913இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். மிச்சிகனில் தாத்தாவின் பால் பண்ணையில் குதிரை ஏறப் பழகினார். தாய் ஐரிஷ் மரபினர். தந்தை வழி பற்றி அவர் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார். சிசிலி, எத்தியோப்பியா, பிரான்ஸ் எல்லாம் அதில் வரும். வெள்ளையராகவே வாழ்ந்துவிட முடிகிற நிறம் அவருடையது. பாட வந்த இடமோ கறுப்பின ஜாஸ் உலகம், நின்றதும் அங்கேதான். சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழுவிலும், பிறகு பியானோ மேதை ஏர்ல் ஹைன்ஸின் குழுவிலும் பாடினார். ஹைன்ஸ் குழுவோடு தெற்கே போனபோதுதான் இனப் பிரிவினையை நேரில் பார்த்தார். தகர அரங்குகளிலும் பழைய கட்டடங்களிலும் கறுப்பினக் கூட்டம் வெள்ளைக் கௌபாய்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சிறுவன் கதையையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. விளையாட்டில் அந்தப் பையன் அன்றைய கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸாக இருக்க ஆசைப்பட்டானாம். டாம் மிக்ஸ் கறுப்பர் இல்லையே, நீ எப்படி ஆகலாம் என்று கூட்டாளிகள் விலக்கிவிட, அழுதுகொண்டு நின்றானாம். அறுபது ஆண்டுகள் கழித்துச் சொல்லும் நினைவில் வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் அப்படி ஒதுக்கப்பட்ட பையன்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, சென்ட்ரல் அவென்யூவின் கிளப் அலபாமில் பாடிக்கொண்டிருந்த ஜெஃப்ரீஸ், தன் யோசனையோடு ஜெட் ப்யூல் என்ற தயாரிப்பாளரைப் போய்ப் பார்த்தார். ப்யூல் முன்பு நகைச்சுவைப் படத் தயாரிப்பாளர் மாக் சென்னட்டிடம் விளம்பர வேலை பார்த்தவர். ஃப்ரெட் ஸ்காட் என்ற வெள்ளைப் பாடகரை வைத்து மலிவுக் கௌபாய் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். யோசனை பிடித்துப்போனது. குதிரையும் ஓட்டி, பாட்டும் பாடி, நடிக்கவும் தெரிந்த கறுப்பின ஆள் வேண்டுமே என்றபோது ஜெஃப்ரீஸ் தன்னையே சொன்னார். நிறம்தான் தடை. அங்கே வந்தவைதான் மேக்கப்பும் தொப்பியும்.

ப்யூலின் நோக்கத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. இதற்கு மறு ஆண்டு, 1938இல், குள்ளமான நடிகர்களை மட்டும் வைத்து ‘தி டெரர் ஆஃப் டைனி டவுன்’ என்ற கௌபாய் படத்தை அவர் எடுத்தார். ஜெஃப்ரீஸின் முதல் படத்துக்கும் இதற்கும் இயக்குநர் சாம் நியூஃபீல்ட். ப்யூலுக்கு இரண்டுமே ‘முதல்முறையாக’ என்று விளம்பரம் போட உதவும் புதுமைகள். அந்தப் புதுமை மோகத்தைப் பயன்படுத்தித் தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது ஜெஃப்ரீஸின் சாமர்த்தியம்.

‘ஹார்லம் ஆன் தி ப்ரெய்ரி’ 1937இல் வந்தது. படப்பிடிப்பு நடந்த இடம் இந்தக் கதையின் மிக அழகான பகுதி. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடகிழக்கே, மொஹாவி பாலைவனத்தில், விக்டர்வில் ஊருக்குப் பக்கத்தில் நோலி முர்ரே, லீலா முர்ரே என்ற கறுப்பினத் தம்பதி ஒரு பண்ணை விடுதி நடத்திவந்தார்கள். நகரத்து ஆட்கள் வந்து தங்கி, குதிரை ஏறி, கௌபாய் வாழ்க்கையைச் சில நாள் வாழ்ந்துபார்க்கும் விடுதி. அப்படிப்பட்ட விடுதிகள் மேற்கில் ஏராளம் இருந்தாலும் கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலானவை கதவைத் திறக்கவில்லை. முர்ரேயின் பண்ணை திறந்தது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் இங்கே வந்து தங்கியதும் இடத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. பிற்காலத்தில் பாடகி பேர்ல் பெய்லி அதை விலைக்கு வாங்கினார். கொட்டகை, வேலி, குதிரை லாயம், பின்னால் மொட்டை மலை எல்லாமே தயாராக இருந்ததால் செட்டுக்குச் செலவில்லை. நடிகர்கள் தங்குவதற்கு இடம் தேடி அவமானப்படவும் தேவையில்லை.

அடுத்த மூன்று படங்களை இயக்கியவர் ரிச்சர்ட் கான்: 1938இல் ‘டூ-கன் மேன் ஃப்ரம் ஹார்லம்’, 1939இல் ‘தி ப்ரான்ஸ் பக்கரூ’, ‘ஹார்லம் ரைட்ஸ் தி ரேஞ்ச்’. மூன்றிலும் நாயகன் பெயர் பாப் பிளேக், அவன் குதிரையின் பெயர் ஸ்டார்டஸ்க். 1939 படங்கள் இரண்டிலும் பக்கத்தில் நகைச்சுவைத் துணையாக டஸ்டி. நடித்தவர் லூசியஸ் ப்ரூக்ஸ். மூன்றிலும் பின்பாட்டுக்கு ‘ஃபோர் டோன்ஸ்’ குழு. கதைகள் வழக்கமானவைதான். ‘டூ-கன் மேன்’ படத்தில் கொலைப்பழி விழுந்த பாப் பிளேக் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லத்துக்குத் தப்பிப்போகிறான். தன் ஜாடையிலேயே இருக்கும் டீக்கன் என்ற ரவுடியின் வேஷத்தில் திரும்பி வந்து உண்மைக் குற்றவாளியைப் பிடிக்கிறான். இரண்டு வேடமும் ஜெஃப்ரீஸே. ‘ரைட்ஸ் தி ரேஞ்ச்’ படத்தில் வில்லன் குறிவைப்பது தங்கத்தை அல்ல, ரேடியம் சுரங்கத்தை.

‘ப்ரான்ஸ் பக்கரூ’வில் ஒரு கழுதைக் காட்சி உண்டு. ஸ்லிம் என்ற எத்தன், உதடு அசையாமல் பேசும் வித்தையைக் காட்டி, பேசும் கோவேறு கழுதை என்று சொல்லி டஸ்டியின் தலையில் அதைக் கட்டிவிடுகிறான். ஸ்லிம்மாக வருபவர் ஃப்ளர்னாய் மில்லர். 1921இல் பிராட்வேயை அதிரவைத்த ‘ஷஃபிள் அலாங்’ இசை நாடகத்தின் கதையை எழுதியவர்களில் ஒருவர். அந்தத் தகுதிக்காரர் ஒரு மணி நேர மலிவுப் படத்தில் கழுதை விற்கும் வேஷம் போட்டார் என்றால், ஹாலிவுட்டில் அவருக்குத் திறந்திருந்த கதவுகள் எத்தனை குறைவு என்று புரியும். உடன் நடித்த ஸ்பென்சர் வில்லியம்ஸும் அப்படித்தான். மில்லரும் அவரும் சேர்ந்து ‘ரைட்ஸ் தி ரேஞ்ச்’ கதையை எழுதினார்கள். 1941இல் வில்லியம்ஸ் ‘தி ப்ளட் ஆஃப் ஜீசஸ்’ படத்தை இயக்கித் தனக்கென்று ஒரு தடம் பதித்தார்.

இந்தப் படங்களில் குறைகள் நிறைய. வசனங்கள் தட்டுத்தடுமாறுகின்றன. சண்டைகள் சொதப்புகின்றன. நகைச்சுவைப் பாத்திரங்கள் சில இடங்களில் வெள்ளையர் மேடைகள் உருவாக்கிய பயந்தாங்கொள்ளிக் கேலிச்சித்திரங்களின் சாயலிலேயே நிற்கின்றன. அடர்நிறமுள்ள துணைநடிகர் சிரிக்க வைக்க, வெளிர்நிறமுள்ளவர் நாயகனாக நிற்கும் ஏற்பாடும் உறுத்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்ணைக்காரர், சாராயக்கடைக்காரர், வில்லன், சீட்டாடுபவர்கள், காதலி எல்லோருமே கறுப்பர்கள். வெள்ளையர் ஒருவர்கூடத் திரையில் இல்லை. யாருக்கும் பணிந்து பேச வேண்டிய நிலை யாருக்கும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்களில் வேலைக்காரியாகவும் ரயில் சிப்பந்தியாகவும் மட்டுமே வர முடிந்த நடிகர்கள் இங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக, சட்டத்தைக் காப்பவர்களாக, துணிந்த அயோக்கியர்களாகக்கூட நடமாடினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொரு அமெரிக்கா இருந்தது. ஜெஃப்ரீஸின் பாட்டும் பொருட்டானது. ஆட்ரியின் மூக்கொலிக் குரல் மலைநாட்டுப் பாட்டிலிருந்து வந்தது. இவரது குரலோ இரவு விடுதி ஜாஸில் பதப்பட்டது. ‘ஐ’ம் எ ஹாப்பி கௌபாய்’ பாடும்போது அந்த வழவழப்பு அப்படியே தெரிகிறது.

தொடர் நான்கோடு நின்றுபோனது. கறுப்பின அரங்குகள் சில நூறுதான். எவ்வளவு ஓடினாலும் வருமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஜெஃப்ரீஸுக்கும் இன்னொரு வாய்ப்பு வந்தது. ஜாஸ் இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்து, 1940 டிசம்பரில் அவர் பதிவு செய்த ‘ஃப்ளமிங்கோ’ பெரும் வெற்றி பெற்று, கௌபாயை மறக்கடித்தது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் எலிங்டனின் ‘ஜம்ப் ஃபார் ஜாய்’ இசை நாடகம் அரங்கேறியது. கறுப்பினக் கலைஞர்களைக் கேலிச்சித்திரமாக்கும் வழக்கத்தை மேடையிலிருந்து துரத்துவதே அதன் நோக்கம். அங்கேயும் ஜெஃப்ரீஸ் மிக வெளிர்நிறமாக இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு மேடை ஏறினாராம். எலிங்டன் கோபப்பட்டு அதைக் கழுவச் சொன்னார் என்று ஜெஃப்ரீஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு பாரிஸில் ‘ஃப்ளமிங்கோ’ என்ற பெயரில் ஓர் இரவு விடுதி நடத்தினார். 1957இல் ‘கலிப்சோ ஜோ’ படத்தில் நடித்தார், தொலைக்காட்சியில் அவ்வப்போது தலைகாட்டினார். 1995இல், எண்பது கடந்த வயதில், ‘தி ப்ரான்ஸ் பக்கரூ ரைட்ஸ் அகெய்ன்’ என்று ஒரு கௌபாய் இசைத் தொகுப்பையே வெளியிட்டார். அதற்குள் மறந்துபோன கறுப்பின மேற்கைத் தேடும் ஆய்வாளர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். 2004இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரோடு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 2014 மே மாதம் நூறு வயதில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

ரிச்சர்ட் கான் இயக்கிய மூன்று படங்களும் இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பிரதிகள் கீறல் விழுந்தவை, ஒலி கரகரக்கும். முதலில் ஒன்றைப் பார்ப்பதென்றால் ‘ப்ரான்ஸ் பக்கரூ’வைப் பார்க்கலாம். மற்றவற்றைவிடச் சண்டையும் பாட்டும் சேர்ந்து வருவது அதில்தான், கழுதைக் காட்சியும் இருக்கிறது.